எழுத்தா இருந்ததை ஏன் படமா மாத்துறீங்க? பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

பதிவாளர் அவர்களுக்கும், தேர்வுப் பிரிவுக்கும், நம்ம பல்கலைக்கழக வெப்சைட்டைப் பார்த்துக்கிற எல்லாருக்கும்,

போன மாசம் நீங்க போட்ட சுற்றறிக்கையைப் பத்தித்தான் எழுதுறேன். இனிமே பாடக்குறிப்பு, டைம்டேபிள், விண்ணப்பப் படிவம், அறிவிப்பு எதுவா இருந்தாலும் பிரிண்ட் எடுத்து, கையெழுத்தும் சீலும் போட்டு, ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்பா மட்டும்தான் வெப்சைட்ல ஏறும், இதுவரைக்கும் சில துறைங்க குடுத்துட்டு இருந்த வேர்ட் ஃபைலும் வெப் பக்கமும் நிறுத்தப்படும்னு அதுல இருக்காம். இருக்காம்னு ஏன் சொல்றேன்னா அதை நான் படிக்கல, படிக்க முடியல. எனக்குக் கண் தெரியாது. கூடப் படிக்கிற பொண்ணு ஒருத்தி போன்ல வரி வரியா படிச்சுக் காட்டினா. படிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே பேசல.

நான் எப்படிப் படிக்கிறேன்னு முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா இந்த முடிவை எடுத்தவங்கள்ல ஒருத்தர்கூட ஸ்க்ரீன் ரீடர் வேலை செய்யிறதைப் பக்கத்துல உக்காந்து பார்த்திருக்க மாட்டீங்கனுதான் எனக்குத் தோணுது. நான் யூஸ் பண்றது என்விடிஏ. மைக்கேல் கர்ரன்ங்கிற பார்வையில்லாத ஒருத்தர் 2006ல ஆஸ்திரேலியால எழுத ஆரம்பிச்ச சாஃப்ட்வேர், இன்னைக்கும் இலவசம். ஃபைலுக்குள்ள இருக்கிற எழுத்தை எடுத்து குரலாக்கிக் குடுக்கும், பிரெய்ல் டிஸ்ப்ளே மாட்டியிருந்தா அதே எழுத்தை விரலுக்கு அடியில புள்ளியாக்கிக் குடுக்கும். பேரு ஸ்க்ரீன் ரீடர்னாலும் அது திரையில தெரியிற படத்தைப் பார்த்துப் படிக்கிறது இல்ல, ஃபைலுக்குள்ள எழுத்து எழுத்தா இருந்தாத்தான் அதுக்கு வேலை. உங்க சுற்றறிக்கையைத் திறந்தப்ப பக்கம் காலினு சொல்லிட்டு நின்னுடுச்சு. நாலு பக்கம், நாலும் காலி.

அந்த நாலு பக்கத்தையும் உங்க ஆபீஸ்ல யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டர்லதான் டைப் பண்ணியிருப்பாங்க. அப்ப அது எழுத்து. அந்த நிமிஷம் அந்த ஃபைலை எனக்கு அனுப்பியிருந்தா மத்தவங்க படிச்ச அதே நேரத்துல நானும் படிச்சிருப்பேன். அதுக்கப்புறம் பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, திருப்பி ஸ்கேனர்ல வெச்சு, படமாக்கி ஏத்தியிருக்கீங்க. ஏ4 பக்கத்தை 300 டிபிஐல, அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளினு, ஸ்கேன் பண்ணினா அகலத்துல 2480 புள்ளி, உயரத்துல 3508 புள்ளி, மொத்தம் ஏறக்குறைய 87 லட்சம் புள்ளி வருது, அந்த 87 லட்சத்துல ஒரு எழுத்துகூட இல்ல, எந்தப் புள்ளி என்ன நிறம்ங்கிற கணக்கு மட்டும்தான் இருக்கு. அதே பக்கம் எழுத்தா இருந்தா 2000 குறியீடு இருக்கும்னு வெச்சுப்போம், கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப் 8ங்கிற முறையில தமிழ்ல ஒரு குறியீட்டுக்கு 3 பைட், ஆக 6 கேபி. போன்ல கொஞ்சமா டேட்டா வெச்சுப் படிக்கிற எத்தனையோ பேர் நம்மகிட்ட இருக்காங்க, அவங்களும் இந்தப் படத்தைத்தான் டவுன்லோட் பண்ணணும்.

எனக்காக நீங்க புதுசா எதையும் உண்டாக்கணும்னு நான் கேக்கல. உங்க கையில ஏற்கெனவே இருந்ததை கடைசி ஸ்டெப்ல அழிக்காதீங்கனுதான் கேக்குறேன். இந்த மடல் முழுக்க அது ஒண்ணுதான்.

டைம்டேபிள் விஷயத்துல எனக்கு என்ன ஆச்சுனு சொல்றேன். போன செமஸ்டர் டைம்டேபிளை நீங்க ஸ்கேன் பண்ணித்தான் போட்டீங்க. நான் அதை ஓசிஆர்ல விட்டேன், அதாவது படத்துல இருக்கிற எழுத்து என்னனு கம்ப்யூட்டரே யூகிச்சு எழுத்தா மாத்துற முறை. அட்டவணைனா ஓசிஆர் எப்படி வேணா படிக்கும், சிலப்ப குறுக்க படிக்கும், சிலப்ப மேலிருந்து கீழ. அன்னைக்கு மேலிருந்து கீழ படிச்சு பேப்பர் பேரெல்லாம் ஒரே கொத்தாவும் தேதியெல்லாம் இன்னொரு கொத்தாவும் குடுத்துச்சு. பேர் ஆறு, தேதி அஞ்சு. ஒண்ணு கொறையுதேனு நான் கவனிச்சேன், கடைசிப் பேப்பருக்குத் தேதி பின்னாடி அறிவிப்பாங்க போலனு நினைச்சுக்கிட்டு வரிசையா சேர்த்து வெச்சுக்கிட்டேன். உண்மையில மூணாவது இடத்துல இருந்த புராஜெக்ட் வைவாக்குத்தான் தேதி போடாம கட்டத்தைக் காலியா விட்டிருந்தீங்க. படத்துல அது காலிக் கட்டம்னு பார்க்கிறவங்களுக்கு உடனே தெரியும், ஓசிஆர்ல காலிக் கட்டம்னு ஒண்ணு கிடையாது, கீழ இருந்த தேதி எல்லாம் ஒரு படி மேல ஏறி உக்காந்துடுச்சு. நாளைக்கு வைவானு நான் புராஜெக்ட்டை மனசுக்குள்ள ஓட்டிட்டு இருந்த சாயங்காலம் எனக்கு எக்ஸாம் எழுதித் தர்ற ஸ்கிரைப் போன் பண்ணி, நாளைக்கு இலக்கணப் பேப்பருக்கு எத்தனை மணிக்கு வரணும்னு கேட்டாங்க. கையில ஒரு ராத்திரிதான் இருந்துச்சு. பாஸ் ஆயிட்டேன், ஆனா இதுவரைக்கும் நான் எடுத்த மார்க்லயே கொறைஞ்சது அதுதான், எனக்கு ரொம்பப் பிடிச்ச பேப்பரும் அதுதான்.

அதே டைம்டேபிள் ஒரு வெப் பக்கத்துல நிஜமான அட்டவணையா இருந்திருந்தா கன்ட்ரோல், ஆல்ட் ரெண்டையும் அழுத்திக்கிட்டு ஆரோ கீயால ஒவ்வொரு கட்டமா போவேன். தேதிங்கிற தலைப்பையும் சொல்லி, அதுக்குள்ள என்ன இருக்குனும் சொல்லும், காலியா இருந்தா காலினே சொல்லும். ஒரு நிமிஷ வேலை.

ஓசிஆர் இருக்கே, அதை வெச்சுப் பார்த்துக்கலாமேனு உங்க ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். அக்கறையாத்தான் சொன்னார், அதனால இதையும் விளக்கமா சொல்லிடுறேன். தமிழ்ல ஓசிஆர் முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேறியிருக்கு, ஒத்துக்குறேன். ஆனா 'ர'வும் காலும் அதுக்கு இன்னும் குழப்பம்தான், புள்ளி மங்கலா விழுந்திருந்தா மெய் உயிர்மெய்யாயிடும், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறிடும், பேப்பர் ஒரு பக்கமா சாய்ஞ்சிருந்தா ரெண்டு வரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துடும். சீல் விழுந்த இடத்துல எழுத்தே போயிடும். சீல் வழக்கமா அறிவிப்போட கடைசியிலதான் விழும், கடைசித் தேதியும் அங்கதான் இருக்கும். எண் தப்பா வந்தா இன்னும் மோசம். வார்த்தை தப்பா இருந்தா காதுல கேட்டதுமே ஏதோ இடிக்குதுனு தெரிஞ்சிடும், 3 போய் 8 வந்தா அதுவும் ஒரு தேதிதானே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இப்ப ஏஐகிட்ட படத்தைக் குடுத்தாலே படிச்சுக் குடுக்குதேனும் சொல்றாங்க. நானும் யூஸ் பண்றேன், பல நேரம் நல்லாவே படிக்குது. என் பயம் என்னன்னா, பழைய ஓசிஆர் தப்பு பண்ணினா உளறும், உளறல் காதுக்குத் தெரியும். ஏஐ தப்பு பண்ணினா அழகான வாக்கியமா தப்பு பண்ணும், தெளிவா இல்லாத இடத்துல பொருத்தமா தோணுற ஏதாவது ஒண்ணைப் போட்டு நிரப்பிடும், எது மூலத்துல இருந்தது எது அதுவா போட்டதுனு எனக்குச் சரிபார்க்க வழியே இல்ல. சரிபார்க்கக் கண் வேணும். பரிட்சைத் தேதியையும் ஃபீஸ் கட்டுற விதியையும் அப்படி ஒரு யூகத்தை நம்பி நான் எடுத்துக்க முடியாது, எடுத்துக்கச் சொல்றதும் நியாயம் இல்ல. எழுத்தை நீங்களே படமாக்கிட்டு, அந்தப் படத்தை யூகிச்சுத் திரும்ப எழுத்தாக்கிக்கோனு என்னை அனுப்புறது எதுக்கு?

படிவம் பத்தி எழுத வேண்டாம்னுதான் நினைச்சேன், ஆனா எழுதித்தான் ஆகணும். உதவித்தொகை விண்ணப்பம் ஸ்கேன் பண்ணின ஒரு பக்கம், அதைப் பிரிண்ட் எடுத்து பேனாவால நிரப்பி, திரும்ப ஸ்கேன் பண்ணி அனுப்பணும். என்னால பேனாவால கட்டம் பார்த்து எழுத முடியாது. யாராவது ஒருத்தர்கிட்ட போய் உக்காந்து வீட்டு வருமானம் எவ்வளவு, எத்தனை சதவீதம் பார்வை இழப்பு, எதனால வந்துச்சு, அப்பா என்ன வேலை பார்க்குறார், எல்லாத்தையும் வாயால சொல்லணும், அவங்க எழுதணும். அந்தத் தடவை லைப்ரரியில எனக்கு எழுதித் தந்த நண்பன் தங்கமானவன், அவன் மேல எந்தக் குறையும் இல்ல. ஆனா பக்கத்து மேஜையில யாரு உக்காந்திருந்தாங்கனு எனக்குத் தெரியாது, நான் எவ்வளவு சத்தமா சொன்னேன்னும் தெரியாது. மத்த மாணவங்க யாரும் தங்களோட வீட்டு வருமானத்தை சத்தம் போட்டு சொல்லித்தான் உதவித்தொகை வாங்கணும்ங்கிற நிலைமை இல்ல. எனக்கு மட்டும் ஏன் இருக்கணும்? அதே படிவம் வெப் பக்கத்துல நிரப்புற மாதிரி இருந்தா, இல்ல பெட்டிகளுக்கு சரியா பேர் வெச்ச பிடிஎஃப் படிவமா இருந்தா, ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு என் ரூம்ல உக்காந்து பத்து நிமிஷத்துல நானே நிரப்பிடுவேன்.

இதை எனக்கு மட்டும் இருக்கிற பிரச்சனைனு எடுத்துக்காதீங்க. என் வகுப்புல குறைபார்வை உள்ள ஒரு அக்கா படிக்கிறாங்க, கண் தெரியும், ஆனா எழுத்து நாலு மடங்கு பெருசா இருக்கணும். ஸ்கேன் பிடிஎஃப்பை நாலு மடங்கு பெருசாக்கினா ஒரு வரி படிக்க இடமிருந்து வலம் இழுக்கணும், அடுத்த வரிக்கு மறுபடி இடது ஓரத்துக்கு வரணும், வரும்போது எந்த வரியில இருந்தோம்னு தொலைஞ்சிடும். அவங்க ஒரு பாடத்தைப் படிச்சு முடிக்கும்போது கழுத்து வலியோடதான் எழுந்திருப்பாங்க. வெப் பக்கமோ இபப்ங்கிற மின்நூல் ஃபைலோ இருந்தா எழுத்து பெருசாக ஆக வரி தானா மடிஞ்சு கீழ இறங்கும், கருப்புப் பின்னணியில வெள்ளை எழுத்துனு மாத்திக்கலாம், வரிக்கு நடுவுல இடைவெளி கூட்டிக்கலாம். டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிக்கிறதுல சிரமம், இருக்கிற பசங்களுக்கும் அந்த இடைவெளிதான் உயிர். வெப் பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜிங்கிற உலகத் தர விதிகள்ல 2018லயே இதைச் சேர்த்துட்டாங்க, திரை 320 பிக்சல் அகலம்தான்னாலும் பக்கவாட்டுல இழுக்காமப் படிக்க முடியணும்னு. போன்ல படிக்கிற எல்லாருக்குமே இதுதானே தேவை.

பிடிஎஃப்பே கூடாதுனு நான் சொல்லல. 1993ல அடோபி அதை வெளியிட்டப்ப அதோட நோக்கமே எந்த கம்ப்யூட்டர்ல திறந்தாலும் எந்த பிரிண்டர்ல எடுத்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரியணும்ங்கிறதுதான். அதனால அடிப்படையில பிடிஎஃப்புக்குள்ள இந்த எழுத்து வடிவம் பக்கத்துல இந்த இடத்துல வரணும்ங்கிற குறிப்புதான் இருக்கும், இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணைங்கிறது இருக்காது. அந்தக் குறைக்காகத்தான் 2001ல டேக் வெக்கிற வசதி வந்துச்சு, எது தலைப்பு எது பட்டியல் எதுக்கு அப்புறம் எதைப் படிக்கணும்னு கண்ணுக்குத் தெரியாம உள்ள குறிச்சு வெக்கிற முறை. 2012ல எல்லாரும் படிக்கக்கூடிய பிடிஎஃப்புக்குனே பிடிஎஃப்/யூஏன்னு தனியா ஒரு ஐஎஸ்ஓ தரமே வந்துடுச்சு, எண் 14289. ஒழுங்கா டேக் வெச்ச பிடிஎஃப்பும் ஸ்கேன் பிடிஎஃப்பும் வெளியில பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஃபைல் பேர்ல கடைசி மூணு எழுத்தும் ஒண்ணுதான். எனக்கு ஒண்ணு புத்தகம், இன்னொண்ணு சுவர்.

டேக் வெக்கிறது பெரிய வேலைனு நினைச்சா, அப்படியும் இல்ல. வேர்ட்ல டைப் பண்ணும்போது தலைப்பை வெறுமனே போல்ட் பண்ணிப் பெருசாக்காம ஹெடிங் ஸ்டைல் குடுத்தா போதும். முடிச்சதும் பிரிண்ட் டு பிடிஎஃப் குடுக்காதீங்க, அதுல டேக் எல்லாம் போயிடும், சேவ் ஆஸ் போய் பிடிஎஃப் தேர்ந்தெடுத்து ஆப்ஷன்ஸ்ல அணுகலுக்கான டாக்குமெண்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ்ங்கிற பெட்டியில டிக் இருக்கானு பாருங்க. வேர்டுக்கு மாத்தா இலவசமா கிடைக்கிற லிப்ரேஆபீஸ்னா எக்ஸ்போர்ட் பண்ற இடத்துல டேக்டு பிடிஎஃப்னு இருக்கு, 7.0ல இருந்து பிடிஎஃப்/யூஏவுக்கே தனிப் பெட்டி இருக்கு. பிரிண்ட் எடுத்து ஸ்கேனர்கிட்ட நடந்து போறதை விட இது கொறைஞ்ச நேரம்தான்.

தமிழ்ங்கிறதால இன்னொரு சிக்கலும் இருக்கு, அதைத் தனியா சொல்லணும். ஸ்கேன் இல்லாம எழுத்தாவே வந்த சில பாடக்குறிப்பையும் என்னால படிக்க முடியல, காரணம் அது பழைய ஃபான்ட்ல டைப் பண்ணினது. பாமினிங்கிற ஃபான்ட்ல தமிழ்ங்கிற வார்த்தை திரையில தமிழாத்தான் தெரியும், ஆனா ஃபைலுக்குள்ள இருக்கிறது ஆங்கில எழுத்து ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன். ஃபான்ட் அதுக்குத் தமிழ் முகமூடி மாட்டி விடுது, அவ்வளவுதான். ஸ்க்ரீன் ரீடருக்கு முகமூடி தெரியாது, அது ஜே கே பி ஓனே படிக்கும். சங்க இலக்கியப் பாடம் ஒண்ணு முழுக்க எனக்கு அப்படித்தான் வந்துச்சு, முப்பது பக்கம். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் குடுக்கிற யூனிகோட்ங்கிற உலகத் தரத்துல, 1991ல முதல் பதிப்புலயே தமிழ் இடம் பிடிச்சிடுச்சு. இன்னும் பழைய ஃபான்ட்ல பாடம் எழுதுறதுக்கு பழக்கத்தைத் தவிர வேற காரணம் இருக்கிற மாதிரி எனக்குத் தெரியல.

யூனிகோட்ல டைப் பண்ணியும் பிடிஎஃப் ஆக்கும்போது சிதைஞ்சு போறதும் உண்டு. 'கொ'ங்கிற எழுத்தை யூனிகோட் முதல்ல ககரம், அப்புறம் ஒகரக் குறினு சேமிக்கும். ஆனா பக்கத்துல வரையும்போது கொம்பு முதல்ல, க நடுவுல, கால் கடைசியில. பிடிஎஃப்பை உண்டாக்குற சாஃப்ட்வேர் இந்த வடிவங்களுக்கு எந்த யூனிகோட் எழுத்துங்கிற கணக்கை ஒழுங்கா உள்ள எழுதி வெக்கலைனா, திரும்ப எடுக்கும்போது வரைஞ்ச வரிசையிலதான் வரும், கொம்பு தனியா க தனியா கால் தனியா. கொடுத்தான்ங்கிற வார்த்தையை அது திக்கித் திக்கி துண்டு துண்டா படிக்கும்போது வாக்கியம் எங்க போச்சுனே தெரியாது. இது கண் தெரிஞ்சவங்களுக்கும் நஷ்டம்தான், அந்த பிடிஎஃப்ல ஒரு வார்த்தையைத் தேடினா கண்ணு முன்னாடி இருக்கிறதையே கிடைக்கலனு சொல்லும், காப்பி பண்ணி ஒட்டினா குப்பையா வரும். உங்கள்ல பல பேர் இதை அனுபவிச்சிருப்பீங்க. ஒரு பிடிஎஃப்பை வெளியிடுறதுக்கு முன்னாடி நாலு வரியை காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டிப் பாருங்க, தமிழ் தமிழா வந்தா எனக்கும் வரும்.

ஒரு நல்ல அனுபவத்தையும் சொல்லணும், இது முடியாத காரியம்னு யாரும் நினைச்சுடக் கூடாதுங்கிறதுக்காக. ரெண்டாவது செமஸ்டர்ல ஒரு பேராசிரியை மொத்தப் பாடத்தையும் ஒரே வேர்ட் ஃபைலா அனுப்பினாங்க, 120 பக்கம். ஒவ்வொரு அலகுக்கும் ஹெடிங் 1, உள்தலைப்புக்கு ஹெடிங் 2, இருந்த ரெண்டு மூணு வரைபடத்துக்கும் என்ன காட்டுதுனு ஆல்ட் டெக்ஸ்ட். என் கையில எச் கீ இருந்துச்சு, அழுத்த அழுத்த தலைப்பு தலைப்பா போச்சு, 2 அழுத்தினா உள்தலைப்பு, வேணுங்கிற இடத்துல நிறுத்திப் படிச்சேன், முந்தின அலகுக்குப் போய் சரிபார்த்துட்டு வந்தேன். புத்தகத்தைப் புரட்டுறதுன்னா என்னனு எனக்குப் பார்வை போன பதினஞ்சு வயசுக்கப்புறம் அன்னைக்குத்தான் திரும்பத் தெரிஞ்சுது. அவங்களுக்கு அதுல கூடுதலா எவ்வளவு நேரம் ஆச்சுனு கேட்டேன், பழகினதுக்கப்புறம் வித்தியாசமே தெரியலனு சொன்னாங்க. உங்க புது விதிப்படி அவங்களும் இனிமே அதைப் பிரிண்ட் எடுத்து ஸ்கேன் பண்ணித்தான் குடுக்கணும். இந்த ஒரு விஷயம்தான் என்னால சும்மா இருக்க முடியாம இந்த மடலை எழுத வெச்சுது.

நீங்க சொன்ன காரணம் எனக்குப் புரியாம இல்ல. ஒரு அறிவிப்போட வேர்ட் ஃபைலை யாரோ திருத்தி, பொய்யான தேதியோட வாட்ஸ்அப்ல பரப்பிட்டாங்க, அதனால மாத்த முடியாத வடிவம் வேணும்னு முடிவு எடுத்திருக்கீங்க. பயம் நியாயமானது, வழிதான் தப்பு. ஸ்கேன் பண்ணின பக்கத்தையும் படம் எடிட் பண்ற எந்த ஆப்லயும் மாத்தலாம், பழைய அறிவிப்புல இருந்து கையெழுத்தையும் சீலையும் வெட்டி புதுசுல ஒட்டலாம், மாத்தினது பார்க்கிறவங்களுக்குத் தெரியவும் தெரியாது. டிஜிட்டல் கையெழுத்து போட்ட பிடிஎஃப்ல கையெழுத்துக்கு அப்புறம் ஒரு எழுத்து மாறினாலும் சரிபார்க்கும்போது காட்டிக் குடுத்துடும், அதே சமயம் உள்ள எழுத்து எழுத்தாவே இருக்கும். ஒண்ணு மட்டும் கவனிக்கணும், டேக், ஆல்ட் டெக்ஸ்ட் எல்லாம் முடிச்சதுக்கு அப்புறம்தான் கையெழுத்து, பின்னாடி போய் திருத்தினா கையெழுத்து செல்லாதுனு காட்டும். அதோட உங்க வெப்சைட்ல இருக்கிற பக்கமே மூலம், சந்தேகம்னா அங்க வந்து பாருங்கனு அறிவிச்சுட்டா வாட்ஸ்அப்ல சுத்துறதுக்கு மதிப்பு போயிடும்.

காப்பி பண்ண முடியாதபடி பிடிஎஃப்பைப் பூட்டுறதும் தீர்வு இல்ல, பூட்டும்போது ஸ்க்ரீன் ரீடரையும் சேர்த்துப் பூட்டின ஃபைல்கள் எனக்கு வந்திருக்கு. 2017ல வந்த பிடிஎஃப் தரத்தோட புதுப் பதிப்பான 2.0, வாசிக்க உதவுற கருவிங்களைத் தடுக்கிறதுக்கு அந்தப் பூட்டைப் பயன்படுத்தக் கூடாதுங்கிற நிலைக்கு வந்துடுச்சு.

நேர்ல வாங்க, படிச்சுக் காட்ட ஆள் வெக்கிறோம்னு போன்ல சொன்னீங்க. நல்ல மனசோட சொன்னதா எடுத்துக்குறேன். ஆனா நான் தொலைநிலைக் கல்வியில சேர்ந்ததே தினமும் பயணம் பண்ண முடியாததாலதான். படிச்சுக் காட்டுறவங்க வர்ற நேரத்துல மட்டும் படிக்க முடியாது, அவங்க வேகம் என் வேகம் இல்ல, புரியாத பத்தியை ஏழாவது தடவை படிங்கனு ஒரு மனுஷங்ககிட்ட கேக்க வாய் வராது. கம்ப்யூட்டர்கிட்ட கேக்கலாம். ராத்திரி ரெண்டு மணிக்கும் கேக்கலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கை 2006ல வந்துச்சு. அதோட 21வது பிரிவு பொதுமக்களுக்கான தகவலை அணுகக்கூடிய வடிவத்துல, உரிய நேரத்துல, கூடுதல் செலவு இல்லாமக் குடுக்கணும்னு சொல்லுது. 2013ல மராகேஷ் உடன்படிக்கை வந்து 2016ல நடைமுறைக்கு வந்துச்சு. பதிப்புரிமை இருக்கிற புத்தகத்தைக்கூட பார்வையில்லாதவங்க படிக்கிற வடிவத்துக்கு மாத்த உரிமையாளர்கிட்ட அனுமதி கேக்க வேண்டாம்ங்கிற அளவுக்கு நாடுகள் வழி பண்ணியிருக்கு. இங்க விஷயம் யாரோட புத்தகமும் இல்ல, நீங்களே எழுதின அறிவிப்பு, உங்க ஆசிரியர்களே எழுதின பாடம். யார் அனுமதியும் வேண்டாம்.

அதனால நான் கேக்குறது இதுதான். சுற்றறிக்கையில ஸ்கேன் பிடிஎஃப் மட்டும்தான்ங்கிற வரியை உடனே திரும்ப வாங்குங்க. கையெழுத்தும் சீலும் இருக்கிற படம் அலுவலக வழக்கத்துக்கு வேணும்னா தாராளமா வெச்சுக்கோங்க, ஆனா பக்கத்துலயே, அதே நாள்ல, அதே லிங்க் வரிசையில எழுத்து வடிவமும் இருக்கணும். கேட்டா அனுப்புவோம்னு சொல்லாதீங்க, ஒவ்வொரு தடவையும் மெயில் போட்டுக் காத்திருக்கிறதும் ஒரு தடைதான். அறிவிப்பும் டைம்டேபிளும் வெப் பக்கமாவே வரட்டும், அட்டவணை அட்டவணையாவே இருக்கட்டும். பாடக்குறிப்பு ஹெடிங் ஸ்டைல் போட்ட வேர்ட் ஃபைலாவோ இபப்பாவோ டேக் வெச்ச பிடிஎஃப்பாவோ இருக்கட்டும், எதுவானாலும் யூனிகோட்ல மட்டும்.

எல்லாப் படிவத்தையும் வெப்ல நிரப்புற மாதிரி மாத்துங்க, அது முடியிற வரைக்கும் படிவத்துல கேட்ட விவரங்களை மெயில்ல டைப் பண்ணி அனுப்பினா ஏத்துக்குவோம்னு எழுத்துல ஒரு உத்தரவு குடுங்க. பத்து வருஷத்துப் பழைய ஃபைல் எல்லாத்தையும் நாளைக்கே மாத்துங்கனு நான் கேக்கல, அது நடக்காதுனு எனக்கும் தெரியும். இந்த செமஸ்டர் பாடங்களும் வர்ற பரிட்சையோட டைம்டேபிளும் முதல்ல, 30 நாளுக்குள்ள. பழசுல யாராவது ஒண்ணைக் கேட்டா 7 நாளுக்குள்ள. துறைக்கு ஒருத்தரையாவது இதுக்குப் பொறுப்பா போடுங்க, அவங்க மெயில் ஐடியை வெப்சைட்ல போடுங்க. ஃபைல் சரியா இருக்கானு பார்க்க நானும், ஸ்க்ரீன் ரீடர் யூஸ் பண்ற இன்னும் ரெண்டு மாணவங்களும் தயார், எத்தனை ஃபைல்னாலும் அனுப்புங்க, படிச்சுப் பார்த்து எங்க இடறுதுனு எழுதித் தர்றோம்.

15 நாளுக்குள்ள பதில் எதிர்பார்க்குறேன். பதிலை மெயிலுக்குள்ளயே டைப் பண்ணி அனுப்புங்க, அட்டாச்மென்ட்டா வேண்டாம்.

இப்படிக்கு,
உங்க தொலைநிலைக் கல்வியில முதுகலைத் தமிழ் படிக்கிற ஒரு மாணவன்